புரோட்டீன் பார்: பின்பக்கத்தைப் பார்!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பயனுள்ளதாக ஏதாவது பேசுங்கள். ஆனால் தொழில்நுட்பம் மட்டும் வேண்டாம், தூங்கிவிடுவார்கள்" என்றார். அதனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். பசி நேரத்தில் யாரும் தூங்க மாட்டார்கள் அல்லவா!

காலையில் கல்லூரி வாசலில் இறங்கியதும் பழைய பழக்கத்தில் எதிர்க்கடைக்குப் போனேன். எங்கள் காலத்தில் கடலை மிட்டாய் பாட்டில் இருந்த இடத்தில் பாட்டில் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே பளபளவென்று சரம் சரமாகப் புரோட்டீன் பார் தொங்குகிறது. இரண்டு தம்பிகள் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒன்றை வாங்கி, அங்கேயே பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். உறை நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனது. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயரிலேயே 'பார்' என்று இருக்கிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை!

சிரிக்காதீர்கள், நானும் பார்க்காதவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா செங்கம் பக்கத்தில் மானாவாரியில் மல்லாட்டை போட்டவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பது எங்கள் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கை கால் மெலிந்து, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது. டாக்டர் விசாரித்துவிட்டு, "மூணு வேளையும் சோறு, இட்லின்னே போகுது. புரதம் போதலை, கூட்டுங்க" என்றார்.

மகன் இன்ஜினீயர் அல்லவா? சென்னையிலிருந்து ஒரு பெட்டி புரோட்டீன் பார் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பெட்டிக்குள் பன்னிரண்டு. அப்பா ஒன்றைக் கடித்தார், ரொம்ப நேரம் மென்றார்.

"ஒண்ணு எவ்ளோப்பா?"

"நூத்தி இருவது ரூபா."

மெல்லுவதை நிறுத்திவிட்டார். "ஏம்பா, இதுல மல்லாட்ட எத்தினி இருக்கும்?"

உறையைத் திருப்பிப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் நிலக்கடலை நாலாவதாக இருந்தது. சொன்னேன். "அப்ப எனக்கு மல்லாட்டையே குடுத்துடேன்" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து கடைக் கடலை மிட்டாய், ஒரு நாளைக்கு நாலு. கேட்டால் "புரதம்" என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நம்ம ஊர்ப் பொருள், நம்ம பாரம்பரியம், தலையாட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தபோது, 7.4 ஆக இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6 ஆகியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "படிச்சவர்தானே சார் நீங்க?" என்று கேட்டார்.

படித்தவன்தான். ஆனால் படித்ததைப் பயன்படுத்தவில்லை. ஒரு மெஷின் வாங்குவதென்றால் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பவன், அப்பா வாயில் போவதற்கு ஒரு கணக்கும் போடவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் அல்ல. கூட்டல், வகுத்தல் தெரிந்தவன், அவ்வளவுதான்.

முதல் கணக்கு: எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். ஜிம்முக்குப் போய் உண்மையிலேயே எடை தூக்குகிற தம்பிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அதுவும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சிக்குப் பெரிதாக லாபம் இல்லை.

இதை நம் மெஸ் தட்டில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு 300 கிராம் அரிசி உள்ளே போகிறது என்றால் அதிலேயே 22 கிராம் வந்துவிடுகிறது. சோற்றில் புரதமே இல்லை என்று நினைப்பது தப்பு. சாம்பாரிலும் கூட்டிலுமாக 50 கிராம் பருப்பு என்றால் 11 கிராம். பால், தயிர், மோர் எல்லாம் சேர்த்து 200 மில்லி என்றால் 6 அல்லது 7. ஆக மொத்தம் 40. பற்றாக்குறை 14 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த மல்லாட்டையில் 7. கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. ஆனால் ராத்திரி மெஸ்ஸை வெட்டிவிட்டு ஒரு பாரைத் தின்று படுக்கிற தம்பி, இருபது கிராமைச் சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டின் புரதத்தைக் கழித்துவிடுகிறார்.

இரண்டாவது கணக்கு: ஒரு கிராம் புரதம் என்ன விலை?

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் இந்த விலைகளை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம். விலையைப் புரதத்தால் வகுக்க வேண்டும்.

கொண்டைக்கடலை கிலோ 120 ரூபாய் என்றால், அதில் 200 கிராம் புரதம். ஒரு கிராம் 60 பைசா.
வறுத்த மல்லாட்டை கிலோ 200 ரூபாய், 250 கிராம் புரதம். ஒரு கிராம் 80 பைசா.
முட்டை 7 ரூபாய், 6 கிராம். ஒரு கிராம் ஒன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.
அரை லிட்டர் பால் 20 ரூபாய், 16 கிராம். ஒரு கிராம் ஒன்றே கால் ரூபாய்.
கடலை மிட்டாய் கிலோ 300 ரூபாய், 150 கிராம். ஒரு கிராம் 2 ரூபாய்.
புரோட்டீன் பார் 120 ரூபாய், 20 கிராம். ஒரு கிராம் 6 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். "பார்த்தீர்களா, நம் பாரம்பரியமே உயர்ந்தது" என்று சொல்லிவிடலாம். நான் சறுக்கியது அந்த இடத்தில்தான். மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது.

மூன்றாவது கணக்கு: புரதத்தோடு கூட என்ன வருகிறது?

கடலை மிட்டாயில் ஆறு பங்கு கடலை, நாலு பங்கு வெல்லம் என்று வையுங்கள். 100 கிராமில் 15 கிராம் புரதம், கூடவே 35 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை. வெல்லத்தில் பெரும்பங்கு சர்க்கரைதான். நிறம் மாறினால் ரத்தம் ஏமாறாது. என் அப்பா தின்ற நாலு துண்டு ஏறத்தாழ 120 கிராம். 18 கிராம் புரதம் கிடைத்தது உண்மை, அதோடு நாற்பது கிராமுக்கு மேல் சர்க்கரையும் போயிருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது மேலே சொன்ன அதே நிறுவனங்கள் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி. அது நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு.

இருபது கிராம் புரதம் கடலை மிட்டாயிலிருந்தே வேண்டும் என்றால் 135 கிராம் தின்ன வேண்டும். 650 கலோரி ஆகிவிடும். வறுத்த மல்லாட்டை என்றால் 80 கிராம், 450 கலோரி. அதே இருபது கிராமை ஒரு நல்ல புரோட்டீன் பார் 250 கலோரிக்குள் கொடுக்கிறது. அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். பாலிலிருந்தும் சோயாவிலிருந்தும் கொழுப்பையும் மாவையும் நீக்கிப் புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கிற வேலை சாதாரணமானதல்ல. ஓர் இன்ஜினீயராக அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் எல்லாப் பாரும் அந்த நல்ல பார் அல்ல. உறையின் முன்பக்கத்தில் 'உயர் புரதம்' என்று கொட்டை எழுத்தில் போட என்ன தகுதி வேண்டும் தெரியுமா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, திடப்பொருள் 100 கிராமில் ஒரு நாள் தேவையின் 20 சதவிகிதம் இருந்தால் போதும். அதாவது தோராயமாக 11 கிராம். நம் எதிர்க்கடை பாட்டிலில் இருக்கும் கடலை மிட்டாயே அந்தத் தேர்வில் பாஸ்! அதனால் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, ஒரு பாரில் புரதம் எத்தனை கிராம், சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம். 100 கிராமுக்கான கணக்கை ஒரு பாருக்கான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை புரதத்தைவிட அதிகமாக இருந்தால் அது மிட்டாய். மிட்டாய் என்று தெரிந்து தின்றால் தப்பில்லை.

இரண்டு, சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களில் சிரப்பும் சர்க்கரையும் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்று, எந்தப் புரதம். பால், சோயா, முட்டைப் புரதங்களில் உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் நல்ல அளவில் இருக்கின்றன. கடலையில் லைசின் குறைவு. பாலோடும் சுண்டலோடும் சேர்ந்தால் அந்தக் குறை தீரும். சிலவற்றில் எண்ணிக்கையைக் கூட்ட ஜெலட்டினும் கொலாஜனும் சேர்ப்பார்கள். அதில் டிரிப்டோஃபான் என்கிற அமிலம் அறவே இல்லை. தவிர அது விலங்கிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது. கோயில் ஊர்க்காரர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள், பச்சை வட்டமா பழுப்பு முக்கோணமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, 'சர்க்கரை சேர்க்காதது' என்று இருந்தால் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். மால்டிட்டால் போன்ற பெயர் இருந்தால், வயிற்றைக் கலக்கலாம் என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன், மேற்கொண்டு கேட்காதீர்கள்.

ருசியைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். தின்னாத புரதம் உடம்பில் ஒட்டாது, ஆகவே ருசியும் கணக்கில் சேரும். பாரைப் பல மாதம் மெத்தென்று வைத்திருக்கக் கிளிசரின் மாதிரி ஈரம் பிடிக்கும் பொருள் சேர்க்கிறார்கள். அப்படியும் நாளாக ஆகப் புரதம் இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் தயாரித்த தேதியைப் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் சாக்லேட் பூசியதை வாங்கினால் உறையை நக்க வேண்டியதுதான். கடலை மிட்டாய்க்கு எதிரி மழைக்காலம். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும் என்று பாட்டி சொல்வது இதற்காகத்தான். பாகில் தண்ணீர் ஏறக்குறைய வற்றிவிட்டது என்பதற்கு அந்தச் சத்தம் சாட்சி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. ஆனால் எங்கே வாங்கினாலும் கடலையில் சிக்கு வாடையோ, பூஞ்சணக் கசப்போ இருந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று துப்பிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலுக்கு விஷம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பேச்சில் கடலை வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டு முட்டை, பால் என்று படித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் புரோட்டீன் பார் யாருக்கு? அதற்கு முன்னோடியான எனர்ஜி பாரின் கதையே பதில் சொல்லும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிரையன் மாக்ஸ்வெல் என்ற மாரத்தான் ஓட்டக்காரர் ஓட்டம் முடிவதற்கு முன்பே சக்தி தீர்ந்து தளர்ந்தவர். ஓடிக்கொண்டே தின்னக்கூடிய ஒன்றைத் தேடி, 1986-இல் 'பவர்பார்' கம்பெனியைத் தொடங்கினார். உட்கார்ந்து சாப்பிட முடியாதவனுக்காகச் செய்த பண்டம் அது. உட்கார்ந்து சாப்பிட முடிகிறவன் அதைத் தின்ன வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பௌர்ணமி கிரிவலத்தில்கூடப் பையில் பாரோடு நடக்கிறார்கள். 14 கிலோமீட்டர் நடக்க 60 கிலோ ஆளுக்கு 600, 700 கலோரி செலவாகும். அதற்கு வேண்டியது புரதத்தைவிடத் தண்ணீரும் கொஞ்சம் மாவுச்சத்தும்தான். வழியில் விற்கிற வேகவைத்த மல்லாட்டையும் சுண்டலும் தாராளமாகப் போதும்.

இன்னொன்றும் நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். கடலையிலிருந்து புரதத்தைப் பிரிக்கும் வித்தை வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைக்காதீர்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலேயே எண்ணெய் எடுத்த கடலை மாவு 75 பங்கு, கடலைப்பருப்பு மாவு 25 பங்கு சேர்த்துப் பல்நோக்கு உணவு என்று ஒன்றைச் செய்தது. அதில் பத்தில் நாலு பங்கு புரதம். 1996-இல் பிரான்ஸில் ஆந்த்ரே பிரியான் என்ற குழந்தை மருத்துவர் கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய் சேர்த்து 'பிளம்பிநட்' உருவாகக் காரணமானார். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. பஞ்சப் பகுதிகளில் எத்தனையோ குழந்தைகளைத் தேற்றியது அது. எலும்பும் தோலுமான அந்தக் குழந்தைக்குச் சர்க்கரையும் கொழுப்பும் மருந்து. என் அப்பாவுக்கு அதே சர்க்கரை கெடுதல். பண்டத்தில் குற்றம் இல்லை. யாருக்கு என்று கேட்காமல் கொடுத்தது என் குற்றம்.

அப்பா கதையை முடித்துவிடுகிறேன். டாக்டர் முதலில் சிறுநீரகப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. இதை வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் மறக்காதீர்கள். அது சரியாக இருந்தது. இப்போது காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், இடையில் ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை, படுக்கும்போது சர்க்கரை போடாத பால். சோறு குறைந்துவிட்டது. கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சி, காலையில் பத்து, மாலையில் பத்து. புரதம் செங்கல் மாதிரி, வேலை கொடுத்தால்தான் சுவராகும். சர்க்கரை மறுபடி 7.5-க்கு இறங்கியிருக்கிறது. நல்ல நாட்களில் கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார். எல்லா நாளும் அல்ல.

மீதிப் பதினோரு பாரும் வீணாகவில்லை. ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போது ஒவ்வொன்றாக நானே தின்று தீர்த்தேன். இப்போதும் பையில் ஒன்று இருக்கும். கடை இல்லாத நேரத்தில், சாப்பாடு கிடைக்காத இடத்தில், அது நல்ல துணை. பின்பக்கம் படித்து வாங்கியதால் மனசாட்சியும் உறுத்துவதில்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை எதிர்க்கடையில் பங்கு போட்டு வாங்கும்போது உறையைக் கிழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் திருப்புங்கள். விலையைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். சர்க்கரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் தின்னப் போகிறார்கள் என்று யோசியுங்கள். வீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மா தட்டையும் இதே கண்ணால் ஒரு தடவை பாருங்கள். நான் அதைக் கொஞ்சம் தாமதமாகச் செய்தேன்.

மதிய உணவுக்கு மணி அடிக்கப் போகிறார்கள். இன்றைய மெனுவில் சுண்டல் இருப்பதாகக் கேள்வி. கணக்குப்படி இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கலாம்.